இரட்டை எந்திரம் சொல்லுவதை எவ்வளவு நம்பலாம்?

இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவனுக்கும் உடம்பு சுடும் என்று பாட்டிமார் சொல்லுவார்கள்.

மனிதப் பிள்ளைகளிடம் இது உண்மை இல்லை. ஆனால் எந்திரங்களிடம் இதை உண்மை ஆக்கிவிட வேண்டும் என்று என்ஜினீயர்கள் பாடுபடுகிறார்கள்.

ஒரு விமானம் ஆகாயத்தில் பறக்கிறது. அதன் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஓர் அலுவலகம். அங்கே உள்ள கம்ப்யூட்டருக்குள் அதே என்ஜினின் இரட்டை இருக்கிறது. அதுவும் "சூடாகிறது"! அந்த இரட்டையில் இரும்பு கிடையாது. எண்ணெய் கிடையாது. சத்தமும் கிடையாது. எல்லாம் வெறும் எண்கள்.

இதற்கு "டிஜிட்டல் ட்வின்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் "கம்ப்யூட்டர் இரட்டை" என்று சொல்லுவோம்.

விமான என்ஜினுக்கு இரட்டை வந்தது. மின்சார நிலையத்துக்கு வந்தது. காற்றாலைக்கும் பாலத்துக்கும் வந்தது. சிங்கப்பூர் அரசாங்கம் தன் நகரம் முழுமைக்கும் ஓர் இரட்டை செய்யும் வேலையை 2014-ம் ஆண்டில் தொடங்கியது.

இரட்டையை விற்பவர்களின் பேச்சைக் கேட்டால் வாயைப் பிளக்கத் தோன்றும். "எந்திரம் எப்போது கெடும் என்று இரட்டை முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தத் தேதியில் சாமானை மாற்றினால் போதும். விபத்தே வராது" என்கிறார்கள்.

இரட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல இரட்டை உயிரைக் காப்பாற்றும். காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை போட வேண்டும். "இது எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தெரியாத இரட்டையை, மனித உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் சேர்க்கக்கூடாது. கம்பெனிகளின் நல்ல மனசுக்கு இதை விட்டுவிட முடியாது. சட்டம் போட்டே தடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

தரையில் நின்ற கலம்

1970-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. அமெரிக்காவில் இருந்து "அப்பல்லோ 13" என்ற விண்கலம் சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. ஜேம்ஸ் லவல், ஜாக் சுவைகர்ட், பிரெட் ஹெய்ஸ் என்ற 3 பேர் அதில் போனார்கள்.

13-ந் தேதி இரவு ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. அப்போது அவர்கள் பூமியில் இருந்து சுமார் 2 லட்சம் மைல் தூரத்தில் இருந்தார்கள். கலத்தில் மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. சந்திரனில் இறங்குவதற்காகக் கூடவே ஒரு சிறு கலத்தைக் கொண்டு போயிருந்தார்கள். 3 பேரும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். அது 2 பேர் 2 நாள் இருப்பதற்காகச் செய்த கலம். அதில் 3 பேர் சுமார் 4 நாள் காலம் தள்ள வேண்டும்!

பூமியில் என்ன செய்தார்கள்?

பயிற்சிக்காக அதே மாதிரியான கலங்களைத் தரையில் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் உண்மைக் கலத்தில் இருப்பதுபோலவே இருக்கும். அதே பொத்தான்கள். அதே விளக்குகள். பின்னால் கம்ப்யூட்டர்கள். வெடித்த கலம் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலைக்கு இந்த மாதிரிக் கலங்களையும் கொண்டுவந்தார்கள். அங்கே போன மின்சாரத்தை இங்கேயும் நிறுத்தினார்கள்.

கென் மாட்டிங்லி என்ற விண்வெளி வீரர் இந்த வேலையில் இறங்கினார். இவருடைய கதை வேடிக்கையானது. அப்பல்லோ 13-ல் போயிருக்க வேண்டியவரே இவர்தான். ஜெர்மன் அம்மை கண்ட ஒருவரோடு பழகிவிட்டார் என்பதற்காகக் கடைசி நேரத்தில் இவரை நிறுத்திவிட்டார்கள். இவருக்கு அம்மை வரவே இல்லை! பூமியில் இருந்ததால் நண்பர்களுக்கு உதவ முடிந்தது. மிச்சம் இருந்த கொஞ்ச மின்சாரத்தில் எந்தப் பொத்தானை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று மாதிரிக் கலத்தில் செய்து செய்து பார்த்தார்கள். சரியான வரிசை கிடைத்ததும் ரேடியோ மூலம் மேலே சொன்னார்கள்.

17-ந் தேதி 3 பேரும் பசிபிக் கடலில் பத்திரமாக வந்து விழுந்தார்கள்.

அப்போது "இரட்டை" என்ற பெயர் இல்லை. 2002-ம் ஆண்டில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கருத்தை எடுத்துச் சொன்னார். 2010-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விண்வெளி நிலையமான நாசாவைச் சேர்ந்த ஜான் விக்கர்ஸ் என்பவர் பெயர் சூட்டினார். பெயர் பின்னால் வந்தாலும், அப்பல்லோ மாதிரிக் கலத்தைத்தான் இரட்டைகளின் பாட்டன் என்று பலரும் சொல்லுகிறார்கள்.

அந்தப் பாட்டன் ஜெயித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேலே இருந்த கலம் பேசிக்கொண்டே இருந்தது. அதன் சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று எண்கள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே இருந்த 3 பேரும் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, தரையில் உள்ள கலத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படி மாற்றாவிட்டால் அது இரட்டை ஆகாது. வெறும் போட்டோ. 5 வயதில் எடுத்த போட்டோவைப் பார்த்து, 25 வயது மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்க முடியுமா?

நெருப்பில் சுழலும் பிளேடு

இப்போது விமான என்ஜினுக்கு வருவோம்.

ஜெட் என்ஜினுக்குள் மின்விசிறியின் இறக்கைபோலச் சிறு சிறு உலோகத் துண்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். பிளேடு என்பார்கள். எரிந்து வரும் வாயு இவற்றின்மேல் மோதிச் சுழற்றுகிறது. முன்வரிசைப் பிளேடுகளில் வந்து மோதும் வாயுவின் சூடு, பிளேடு செய்த உலோகம் உருகும் சூட்டைவிட அதிகம்! பிறகு எப்படி உருகாமல் இருக்கிறது? பிளேடுக்குள்ளே நுண்ணிய துளைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றின் வழியாகக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றுதான் பிளேடுக்குப் போர்வை.

இந்தச் சூட்டில், நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை அது சுழலுகிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு பிளேடையும் பல டன் எடை தொங்குவதுபோல இழுக்கிறது. நாள் ஆக ஆகப் பிளேடு மயிரிழை மயிரிழையாக நீளும். எங்கேயாவது ஒரு கீறல் விழும். கீறல் வளரும். ஒரு நாள் துண்டாகிவிடும்.

எந்த நாள்? அதைச் சொல்லத்தான் இரட்டை.

இங்கேதான் கணக்கு சிரிக்கிறது. தினமும் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் என்ஜினில், சுழலும் ஒவ்வொரு பிளேடிலும் தெர்மாமீட்டரை ஒட்டிவைக்க முடியாது. அந்தச் சூட்டில் அது தாங்காது. ஆகையால் வெளியே வரும் புகையின் சூட்டையும், சுழலும் வேகத்தையும், வேறு சில அளவுகளையும் எடுக்கிறார்கள். அதைக்கொண்டு உள்ளே பிளேடு எப்படி இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள்.

நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் வேலை இது. உடம்பைக் கிழித்துப் பார்க்காமல், மணிக்கட்டைத் தொட்டு உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்.

வைத்தியருக்கு உள்ள கஷ்டம் இந்தக் கணக்குக்கும் உண்டு. உடம்பு சுட்டால் மலேரியாவாக இருக்கலாம். டைபாய்டாக இருக்கலாம். சாதாரண ஜலதோஷமாகவும் இருக்கலாம். புகை அதிகமாகச் சுட்டால்? பிளேடு தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பீச்சும் குழாய் அடைத்திருக்கலாம். தெர்மாமீட்டரே கெட்டிருக்கலாம். மூன்றுக்கும் அடையாளம் ஒன்றுபோலவே இருக்கும். காரணத்தில் இருந்து விளைவுக்குப் போவது நேர் பாதை. விளைவில் இருந்து காரணத்துக்குத் திரும்பி வருவது அப்படி இல்லை. பாதை பல கிளையாகப் பிரிந்துவிடும். இந்தத் "திருப்பிப் போடும் கணக்கு" கணித மேதைகளுக்கே தலைவலி.

இரண்டு கடிகாரம்

இந்தத் தலைவலிக்கு நல்ல மருந்து ஒன்று 1960-ம் ஆண்டில் வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ருடால்ப் கால்மன் என்பவர் கண்டுபிடித்தார். சந்திரனுக்குப் போன அப்பல்லோ கலங்கள் வழி தவறாமல் போவதற்கு அவருடைய கணக்கைப் பயன்படுத்தினார்கள்.

அதை ஓர் உதாரணத்தில் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் 10 மணி காட்டுகிறது. கையில் உள்ள செல்போன் 10 மணி 5 நிமிடம் காட்டுகிறது. எதை நம்புவீர்கள்? செல்போனை. ஏன்? சுவர்க் கடிகாரம் தினமும் கொஞ்சம் பின்தங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் சந்தேகத்துக்கு உரிய பழைய கடிகாரங்களாக இருந்தால், நடுவில் ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுவீர்கள்.

கால்மன் செய்தது இதுதான். "இப்போது இவ்வளவு சூடு இருக்க வேண்டும்" என்று கணக்கு சொல்லுகிறது. "இவ்வளவு இருக்கிறது" என்று அளவுக் கருவி சொல்லுகிறது. இரண்டையும் அவரவர் யோக்கியதைக்குத் தக்கபடி கலந்துகொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கு தன்னுடைய சந்தேகம் எவ்வளவு என்று ஓர் எண்ணாகச் சொன்னால்தான் கலக்க முடியும். "எனக்குச் சந்தேகமே இல்லை" என்று சொல்லுகிற கணக்கு, அளவுக் கருவி கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. வீட்டில் சில பெரியவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி!

6 மணி நேரத்துக்கு 6 வாரம்

இன்னொரு கஷ்டம் நேரம்.

லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதலாவது உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் விசித்திரமான ஒரு வேலை செய்தார். 1910-ம் ஆண்டு மே 20-ந் தேதி ஐரோப்பாவின் நடுப்பகுதியில் 6 மணி நேரத்தில் வானிலை எப்படி மாறியிருக்க வேண்டும் என்று பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டார். 6 மணி நேர வானிலைக்கு அவருக்குப் பிடித்த காலம் சுமார் 6 வாரம்!

வந்த விடை என்ன தெரியுமா? காற்றின் அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. பெரும் புயல்கூட 6 மணி நேரத்தில் அவ்வளவு மாற்றம் செய்யாது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

வேறொருவராக இருந்தால் அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டிருப்பார். ரிச்சர்ட்சன் 1922-ம் ஆண்டில் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். தப்பான விடையையும் மறைக்காமல் அச்சிட்டார். இதற்காகவே அவரைக் கும்பிடலாம். பிற்காலத்தில் அதை ஆராய்ந்தவர்கள், அவர் முறையில் பெரிய தப்பு இல்லை என்று கண்டார்கள். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் இருந்தன. அவற்றைச் சமன்செய்துவிட்டு அதே கணக்கைப் போட்டபோது, விடை ஒழுங்காக வந்தது.

இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் நேரத்தின் தொல்லை தீரவில்லை. ஒரு பிளேடை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக மனசில் வெட்டி, ஒவ்வொரு துண்டின் சூட்டையும் இழுப்பையும் முழுசாகக் கணக்குப் போட்டால், பெரிய கம்ப்யூட்டருக்கும் பல மணி நேரம் பிடிக்கும். சிலவற்றுக்கு நாள் கணக்கில் ஆகும். விமானமோ அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். இரட்டை சில விநாடியில் பதில் சொன்னால்தானே உபயோகம்?

ஆகையால் குறுக்கு வழிக் கணக்கு போடுகிறார்கள். முழுக் கணக்கை முன்கூட்டியே பல தடவை போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பழகிய சின்னக் கணக்கு ஒன்றைத் தயார் செய்கிறார்கள். சின்னக் கணக்கு கண் மூடித் திறப்பதற்குள் விடை சொல்லும். பழகிய எல்லைக்குள் இருக்கும்வரை விடை சரியாகவே இருக்கும்.

எல்லையைத் தாண்டினால்? அப்போதும் விடை சொல்லும்! தயங்காது. குரல் நடுங்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கொலம்பியா போன கதை

இது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு, நடந்ததையே சொல்லுகிறேன்.

2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி "கொலம்பியா" விண்வெளி ஓடம் அமெரிக்காவில் இருந்து கிளம்பியது. மொத்தம் 7 பேர். அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களில் ஒருவர்.

கிளம்பி 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் ஒரு துண்டு பிய்ந்தது. ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவுதான். ஆனால் மோதிய வேகம் மணிக்கு 500 மைலுக்கு மேல்.

மறுநாள் சினிமாப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது இது தெரிந்தது. ஓடம் திரும்பி வரும்போது காற்றில் உரசி நெருப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் இருந்து காப்பாற்ற இறக்கைக்குக் கவசம் போட்டிருக்கிறார்கள். கவசத்தில் ஓட்டை விழுந்திருக்குமோ?

என்ஜினீயர்களிடம் ஒரு கணக்குச் சூத்திரம் இருந்தது. அது இன்றைய இரட்டைபோல முழுமையானது இல்லை. ஆனால் வேலை ஒன்றுதான்: கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் என்ன சேதம் என்று சொல்ல வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளை ஓடுகள்மேல் மோதவிட்டுப் பார்த்து அந்தச் சூத்திரத்தைப் பழக்கியிருந்தார்கள். பழக்கிய துண்டின் அளவு 3 கன அங்குலம். இப்போது மோதிய துண்டுக்கு அவர்கள் போட்ட மதிப்பு 1,920 கன அங்குலம். 640 மடங்கு!

எலுமிச்சம்பழத்தை எறிந்து பார்த்துவிட்டு, பாறாங்கல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கிற கதை.

சூத்திரம் விடை சொல்லிற்று. அதுவும் ஆபத்தான விடையையே சொல்லிற்று. ஓடுகள் முழு ஆழத்துக்கும் பெயர்ந்திருக்கலாம் என்றது. ஆனால் "இந்தச் சூத்திரம் எப்போதும் கூட்டித்தான் சொல்லும்" என்று பழைய அனுபவத்தை வைத்து அதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய அனுபவம் எலுமிச்சம்பழ அனுபவம் என்பது மறந்துபோயிற்று. மேலதிகாரிகளுக்குக் காட்டிய குறிப்பில் 1,920 என்ற எண்ணும் 3 என்ற எண்ணும் இருக்கத்தான் செய்தன. பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்!

விண்ணில் இருக்கும் உளவுக் காமிராவால் இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சில என்ஜினீயர்கள் கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதை நடத்தவில்லை. கணக்குத்தான் வந்துவிட்டதே!

பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வரும்போது ஓடம் வானத்திலேயே சிதறியது. 7 பேரும் இறந்தார்கள். இந்தியா சில மாதங்களுக்கு முன் அனுப்பியிருந்த வானிலைச் செயற்கைக் கோளுக்கு அந்த மாதமே "கல்பனா-1" என்று பெயர் சூட்டினார்கள்.

ஜூலை 7-ந் தேதி டெக்சாசில் ஒரு சோதனை நடந்தது. அதே எடை, அதே வேகத்தில் ஒரு நுரைத் துண்டைப் பீரங்கிபோன்ற குழாயில் வைத்து இறக்கைக் கவசத்தின்மேல் சுட்டார்கள். சுமார் 16 அங்குல அகலத்துக்குப் பெரிய ஓட்டை விழுந்தது. ஜனவரியில் கேட்ட கேள்விக்கு ஜூலையில் கிடைத்த பதில் இது.

தொழிற்சாலையில் படும் பாடு

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். தொழிற்சாலைக்குள் போனால் தொல்லைகள் வேறு மாதிரி இருக்கும்.

பழைய எந்திரங்களில் அளவுக் கருவிகளே இருக்காது. புதிதாக மாட்ட வேண்டும். மாட்டிய கருவியும் மெல்ல மெல்லத் தடம் மாறும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அதிர்ச்சியில் தளரும். 70 டிகிரியை 74 என்று காட்டும். இரட்டை அதையும் உண்மை என்று நம்பிக்கொள்ளும்.

கருவியை நம்பி மோசம் போன கதை உலகத்துக்கே தெரியும். போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் 2018-ம் ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019-ம் ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்தன. 346 பேர் மாண்டார்கள். விமானத்தின் மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி தப்பாகக் காட்டியது. அந்த ஒரே கருவியை நம்பி, உள்ளே இருந்த கம்ப்யூட்டர் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. இன்னொரு பக்கத்திலும் அதே மாதிரிக் கருவி இருந்தது. அதைக் கேட்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையல் அறைக்குச் சரி. விமானத்துக்கு ஆகாது.

வரைபடத் தொல்லையும் உண்டு. எந்திரத்தை எப்படிச் செய்ய நினைத்தார்களோ, அந்த வரைபடத்தை வைத்து இரட்டை செய்கிறார்கள். ஆனால் 10 ஆண்டுக்கு முன் ஒரு நாள் ராத்திரி, குழாய் வெடித்தபோது, மெக்கானிக் ஒருவர் வேறு அளவில் ஒரு குழாயைப் போட்டு ஒட்டி வேலையை முடித்திருப்பார். அது எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது. அவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். அவரைக் கூப்பிட்டு, உட்காரவைத்துக் கேட்காமல் செய்த இரட்டை, வேறு யாருடைய எந்திரத்துக்கோ இரட்டை!

அப்புறம் சொத்துத் தகராறு. என்ஜின் செய்தது ஒரு கம்பெனி. வாங்கி ஓட்டுவது ஒரு கம்பெனி. பழுது பார்ப்பது இன்னொரு கம்பெனி. என்ஜினில் இருந்து வரும் எண்கள் யாருக்குச் சொந்தம்? என்ஜினைப் பராமரிப்பதற்கு, ஓடிய மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் முறையை 1962-ம் ஆண்டிலேயே பிரிட்டனில் பிரிஸ்டல் சிட்லி என்ற கம்பெனி கொண்டுவந்தது. அந்த முறை பரவிய பிறகு இந்த எண்கள் பணம் ஆகிவிட்டன. ஆகவே ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்துக்கொள்ளுகிறார்கள். ஒரே மாதிரியான 1,000 என்ஜின்கள் பட்ட அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவோ கற்கலாம். பூட்டுக்கள் விடுவது இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட எண்களையாவது பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வானிலைக்காரரைப் பாருங்கள்

"சந்தேகத்தை எண்ணாகச் சொல்லுவது நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள்.

நடக்கிறது. 30 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

1992-ம் ஆண்டு முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வானிலைக்காரர்கள் ஒரு புது வழக்கத்தை மேற்கொண்டார்கள். நாளைய வானிலைக்கு ஒரே ஒரு கணக்குப் போட்டு நிறுத்துவது இல்லை. தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, பல கணக்குகள் போடுகிறார்கள். ஐரோப்பிய நிலையத்தில் இப்போது 50-க்கு மேல் போடுகிறார்கள். எல்லாக் கணக்கும் ஒரே ஊரைக் காட்டினால், புயல் அங்கேதான் போகும் என்று துணிந்து சொல்லலாம். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே என்று சிதறினால், "இன்னும் நிச்சயம் இல்லை" என்று சொல்லுகிறார்கள். புயல் வரும்போது டெலிவிஷனில் ஒரு படம் காட்டுகிறார்களே, போகப்போக அகலமாகும் பாதை! அந்த அகலம் இந்தக் கணக்குகாரர்களின் சந்தேகம். அதைப் பார்த்து யாராவது வானிலைக்காரரைக் கையாலாகாதவர் என்று சொல்லுகிறோமா?

அந்த அகலத்தைத் தொழிற்சாலை இரட்டையிடமும் கேட்க வேண்டும். "இந்தப் பிளேடு இன்னும் 800 மணி நேரம் தாங்கும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்லி நிறுத்தினால் ஏற்கக்கூடாது. "எப்படியும் 500 தாங்கும், 1,100 தாண்டாது" என்று சொல்ல வேண்டும். "இந்த நிலையை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை" என்றால், அதைச் சின்ன எழுத்தில் அடியில் போடக்கூடாது. சிவப்பு எழுத்தில் மேலே போட வேண்டும். அதைக் கண்டால் எந்திரத்தை நிறுத்திக் கண்ணால் பார்க்கும் அதிகாரம், அங்கே வேலை செய்கிறவருக்கு இருக்க வேண்டும்.

முதலாளிகள் முணுமுணுப்பார்கள். "தெரியாது என்று சொல்லுகிற சரக்கை யார் வாங்குவார்கள்? எந்திரத்தை அடிக்கடி நிறுத்தினால் நஷ்டம் யார் தலையில்?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. நிறுத்தினால் நஷ்டம் வரத்தான் செய்யும். ஆனால் "எனக்குப் புரியவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லுகிற டாக்டரிடம் நாம் போகாமல் இருக்கிறோமா? எக்ஸ்ரே எடுக்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பவரிடம் இருந்துதானே ஓடுகிறோம்?

விரலால் இழுத்தார்

கொலம்பியா போன பிறகு நாசா இரண்டரை ஆண்டு ஓடங்களை அனுப்பவில்லை. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி "டிஸ்கவரி" ஓடம் கிளம்பியது. அதிலும் 7 பேர். தலைவர் ஐலீன் காலின்ஸ் என்ற பெண்மணி.

அன்றைக்கும் தொட்டியில் இருந்து பெரிய நுரைத் துண்டு ஒன்று பிய்ந்தது! நல்ல காலம், ஓடத்தின்மேல் படவில்லை.

இந்தத் தடவை கணக்கோடு நிறுத்தவில்லை. நீண்ட கோலின் நுனியில் காமிராவை மாட்டி இறக்கைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். விண்வெளி நிலையத்துக்கு அருகில் போனதும், காலின்ஸ் ஓடத்தை ஒரு குட்டிக்கரணம் அடிக்கவைத்தார். நிலையத்தில் இருந்தவர்கள் ஓடத்தின் வயிற்றைப் படம் எடுத்தார்கள்.

படத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. ஓடுகளுக்கு நடுவே செருகியிருந்த இரண்டு பட்டைகள் வெளியே துருத்திக்கொண்டு இருந்தன. சுமார் ஓர் அங்குலம். அது திரும்பி வரும்போது ஓடத்தை எரிக்குமா, எரிக்காதா?

என்ஜினீயர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த வேகத்தில் காற்று அந்தப் பட்டையைச் சுற்றி எப்படி ஓடும் என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதை அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ஆகஸ்டு 3-ந் தேதி ஸ்டீபன் ராபின்சன் என்ற வீரர், எந்திரக் கையின் நுனியில் கால்களைப் பூட்டிக்கொண்டு ஓடத்தின் வயிற்றுக்குக் கீழே போனார். அதற்கு முன் யாரும் அங்கே போனது இல்லை. தேவைப்பட்டால் அறுப்பதற்கு ஒரு சிறு ரம்பம் கொண்டு போயிருந்தார். அது தேவைப்படவில்லை. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். முதல் பட்டை வந்தது. இரண்டாவதையும் இழுத்தார். அதுவும் வந்தது.

9-ந் தேதி கலிபோர்னியாவில், இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், 7 பேரும் தரை இறங்கினார்கள்.